அடித்த பெயரை மீண்டும் எழுதுவோம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கிராணி வேலையில் எனக்கு மனவருத்தம் தரும் காரியம் ஒன்று உண்டு. ஓய்வு வயதை எட்டிய தொழிலாளரின் பெயரைச் செக்ரோலில் அடிப்பதே அது. முப்பது நாற்பது ஆண்டுகள் பனியிலும் கொசுக்கடியிலும் பால்மரம் வெட்டியவரின் பெயரை அடிக்க அரை நிமிடம் போதும். அத்துடன் முடிந்ததா? சந்தா சம்பளத்தில் பிடிக்கப்படுவது. சம்பளம் நின்றால் சந்தா நிற்கிறது. சந்தா நின்றால் நம் சங்கப் பட்டியலிலும் பெயர் நிற்பதில்லை. ஆக, நிர்வாகம் ஒரு முறை அடித்த பெயரை நாமும் ஒரு முறை அடிக்கிறோம். இது சரிதானா என்று கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டிய பெரியவர் ஒருவரைச் சென்ற மாதம் பட்டணத்துப் பஸ் நிலையத்தில் கண்டேன். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மகனுடைய மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். மின்தூக்கி கிடையாது. "எங்கே பயணம், பெரியவரே?" என்றேன். "எங்கேயும் இல்லீங்க கிராணி ஐயா. நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. போறதுக்குப் பெரட்டு இல்ல. இங்க உட்கார்ந்தா நம்ம தோட்டத்து ஆளுங்க யாராச்சும் தென்படுவாங்க" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தோழர்களே! 1951-இல் பிறந்த ஊழியர் சேமநிதிச் சட்டம் முதுமைக்குப் பணம் சேர்த்தது. 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆயிற்று. இவை பெரும் நன்மைகளே. ஆனால், பேச்சுத்துணைக்கும் பொழுதுக்கும் எந்தச் சட்டமும் ஏற்பாடு செய்யவில்லை. அதை நாமே செய்தல் வேண்டும்.

என் யோசனை இதுதான். முதலாவது, கணக்கெடுப்பு. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் முதியோரின் பெயர், வயது, எந்த மாடி, யாருடன் வாசம், என்ன நோய், அடையாளக் கார்டு நீலமா சிவப்பா என்று எழுதிக்கொள்வோம். சிவப்புக் கார்டுக்காரருக்கு அரசாங்க முதியோர் உதவிப்பணம் கிடையாது என்பதை அறிவீர்கள். யாருக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டும் என்பது இப்பட்டியலில்தான் தெரியும்.

இரண்டாவது, இடமும் நேரமும். மாடிப்படி ஏறாத இடமாக இருத்தல் அவசியம். கோயில் மண்டபம் போதும். வாரத்தில் இரு நாள், காலை 9 மணி முதல் 11 மணி வரை. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பாட்டிமார், பிள்ளைகள் திரும்புமுன் வீடு சேர வேண்டுமல்லவா?

மூன்றாவது, அலுவல். ஒரு நாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துத் தரும்படி அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கைக் கேட்போம். மறுநாள் கிராணிமார் உட்கார்ந்து சேமநிதிப் பாரம், சமூக நல இலாகா மனு ஆகியவற்றை எழுதித் தருவோம். எழுத்தறியாதவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவோம். பல்லாங்குழி, தாயம், ஒரு பானை கஞ்சி, மண்டபத்தின் பின்னால் நாலு பாத்திக் கீரை. மண்ணைத் தொட்ட கை சும்மா இருந்தால் நோய் வரும்.

சமூக நல இலாகா 60 வயதினருக்கு முதியோர் நடவடிக்கை மையங்கள் நடத்துகிறதே என்பீர்கள். உண்மைதான். அருகில் மையம் இருந்தால் நாம் போட்டிக் கடை திறக்க வேண்டாம்; நம்மவரை அங்கே அழைத்துப் போவோம். அவர்கள் தயங்குவதற்கு அவர்களே சொன்ன காரணம் இரண்டு: போக வண்டியில்லை, போனால் நம் பேச்சுப் பேச ஆளில்லை. வண்டியும் ஆளும் நாம் தரக்கூடியவையே.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று ஒரு தோழர் கேட்டார். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிற்று. தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு பானை கஞ்சி பாரமா? நூறு பேர் மாதம் 2 வெள்ளி தந்தால் 200 வெள்ளி ஆகிறது. தொடங்குவதற்கு அது போதும்.

"பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகள் கடமை" என்றார் மற்றொருவர். மறுக்கவில்லை. ஆனால், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்கும் மகனைக் குறை கூறிப் பயனில்லை. அவனுக்கும் இது உதவியே.

இரண்டு எச்சரிக்கைகள். மாலை போட்டுப் படம் பிடிப்பதோடு இது முடிந்துவிடக் கூடாது. நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் முதியோராக, அவர்களிலும் பாதி பெண்களாக இருக்க வேண்டும். கஞ்சிக்கு உப்பு எவ்வளவு என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அடுத்து, சம்சு வாடையோடு வருபவரை விரட்டாதீர்கள். "நாளை தெளிவாக வாருங்கள்" என்று சொல்லுங்கள். விரட்டினால் அவர் போகும் இடம் எதுவென நமக்குத் தெரியும்.

கிராணிமாருக்கு ஒரு சங்கம், பால்வெட்டுத் தொழிலாளருக்கு ஒரு சங்கம் என்று நாம் பிரிந்திருக்கலாம். முழங்கால் வலிக்கு அந்தப் பிரிவினை தெரியாது. என் பெயரையும் ஒரு நாள் வேறொரு கிராணி அடிப்பார்.

ஆகவே, தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன். கணக்கெடுப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். பஸ் நிலையத்துப் பெரியவரின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டேன். அடுத்த பெயரை நீங்கள் சொல்லுங்கள்.