தாந்தேயின் ஆட்டுப்பட்டி

(நமது பங்கின் ஜூபிலியையொட்டி நடைபெற்ற இலக்கிய மாலையில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் தோரணமும் தேர்ப் பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. திருச்சபையின் முதல் ஜூபிலி ஆண்டு 1300-இல் உரோமையில் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டின் பாஸ்கு நாட்களில் தாம் மறுவுலகைச் சுற்றி வந்ததாக ஒரு கவிஞர் பாடினார். அவர்தான் பிளாரன்ஸ் நகரத்துத் தாந்தே. 1302-இல் நாடு கடத்தப்பட்ட அவர், 1321-இல் இரவென்னாவில் கண்மூடினார். அவரது 'கொம்மேதியா' நரகம், உத்தரிக்கும் தலம், மோட்சம் என்று மூன்று பாகமாய், 100 காண்டமாய், 14,233 அடிகளாய் விரிந்து கிடக்கிறது. 'தெய்வீக' என்ற அடைமொழி பின்வந்தோர் சேர்த்தது.

மரித்தோர் உலகை நம்மில் கண்டவர் யார்? காணாததைக் கண்டதைக் கொண்டுதான் சொல்லியாக வேண்டும். அதற்கே உவமை. தாந்தே அதைத் தேடி அரண்மனைக்குப் போகவில்லை. நரகத்தின் மங்கிய ஒளியில் உற்றுப் பார்க்கும் ஆத்துமாக்களைக் கண்டதும், ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கும் வயதான தையற்காரர் அவருக்கு நினைவு வருகிறார். பொறாமைக்காரர்கள், திருவிழாக் கூட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பிச்சை கேட்கும் குருடரைப்போல் உட்கார்ந்திருக்கிறார்கள். நரகத்தில் இரு வரிசையாய் எதிரெதிரே நடக்கும் வஞ்சகர்களுக்கோ, ஜூபிலி ஆண்டில் உரோமைப் பாலத்தில் போவோரும் வருவோருமாய்ப் பிரித்து விடப்பட்ட யாத்திரிகர்களையே உவமை ஆக்கினார்! ஜூபிலிக் கமிட்டியார் கோபிக்க வேண்டாம்.

எங்கள் நெஞ்சை விட்டு அகலாதது வேறொன்று. உத்தரிப்பு மலையடிவாரத்தில் ஓர் ஆத்துமக் கூட்டம், தாந்தேயின் நிழல் தரையில் விழுவதைக் கண்டு மிரண்டு நிற்கிறது. பட்டியிலிருந்து ஒன்றும் இரண்டும் மூன்றுமாய் ஆடுகள் வெளிவர, மற்றவை முகத்தைத் தாழ்த்தி ஒதுங்கி நிற்குமே, முன்னது நின்றால் ஏனென்று அறியாமலே பின்னதும் நிற்குமே, அப்படி என்கிறார். கிடை போட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்த ஆடுகள் யார் தெரியுமா? திருச்சபையால் விலக்கப்பட்டு இறந்தவர்கள். மந்தைக்குப் புறம்பானவர் என்று நாம் தள்ளியவர்களைக் கவிஞர் மந்தையாகவே காண்கிறார்!

அதிலிருந்து சிசிலி மன்னன் மான்பிரெது முன்வந்து மார்பின் காயத்தைக் காட்டுகிறான். 1266-இல் பெனவெந்தோ போரில் மடிந்தவன். சாகும் நேரத்தில் அழுது மனந்திரும்பினானாம். அவனது எலும்புகளைத் தோண்டி ஆற்றோரம் மழையிலும் காற்றிலும் கிடக்கப் போட்டுவிட்டார்கள். அவன் கேட்பது ஒன்றே: என் மகள் கொன்ஸ்தான்சாவிடம் நான் இங்கே இருப்பதைச் சொல்லு, அவள் செபித்தால் என் காத்திருப்புக் குறையும்.

இதை வாசித்தபோது நாங்கள் நம் கல்லறைத் தோட்டத்து மதிலை நினைத்தோம். மதிலுக்கு வெளியே, சிலுவையில்லாத சில மேடுகள் உள்ளன. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள் என்று அங்கே புதைக்கப்பட்டவர்கள். அறிந்து தற்கொலை செய்தோருக்கு 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விதி இல்லை. விதி போயிற்று, மதில் நிற்கிறது.

தாந்தேயும் அவர்களை நரகத்தில் முள்மரங்களாக்கித்தானே பாடினார் என்று கேட்பீர்கள். உண்மைதான். மறைக்க மாட்டோம். ஆனால் அந்த மரத்தில் ஒரு சிறு கிளையை ஒடித்ததும் இரத்தம் கசிகிறது, ஏன் ஒடித்தாய் என்று அது கேட்கிறது. கவிஞர் இரக்கத்தால் பேச்சற்று நிற்கிறார். மேலும், தன்னையே மாய்த்துக்கொண்ட உரோமையன் காத்தோவை உத்தரிப்பு மலைக்குக் காவலாக நிறுத்தியவரும் அவரே. உவமைகள் ஒன்றுக்கொன்று இணங்கவில்லை. எங்களுக்கு அதுவே அவரிடம் பிடித்திருக்கிறது.

வரும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறை மந்திரிப்பின்போது, மதிலுக்கு வெளியேயும் மெழுகுதிரி ஏற்ற நாங்கள் சிலர் விரும்புகிறோம். பங்குத் தந்தையிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அங்கே கிடப்பவர்களின் பெயர்கள் ஏட்டில் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.