துஷான்பேயில் மூடப்பட்ட கட்சி



சோவியத் யூனியன் சரிந்தபோது, மத்திய ஆசியாவில் இன்னொரு ஈரான் எழப்போகிறது என்று உலகமே பதறியது. எழுந்தவர்கள் யார்? பெரும்பாலும் பழைய கட்சிச் செயலாளர்கள்! உஸ்பெகிஸ்தானில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளராக இருந்த கரிமோவ், 1992-ல் குர்ஆன்மீது கைவைத்து அதிபராகப் பதவியேற்றார்.

மதத்தை மேய்க்கும் முறையும் பழையதுதான். போர் நெருக்கடியில், 1943-ல், தாஷ்கண்டில் ஒரு முஸ்லிம் வாரியம் அமைக்க ஸ்டாலின் அனுமதித்தார். இமாமை நியமிப்பதும் கண்காணிப்பதும் அதன் வழியாகத்தான். விடுதலை பெற்ற குடியரசுகள் லெனின் சிலைகளை இறக்கின. இந்த வாரியத்தை மட்டும் ஆளுக்கொன்றாகப் பத்திரமாக வைத்துக்கொண்டன.

ஒரே ஒரு நாடு கொஞ்ச காலம் விலகி நடந்தது. அதுதான் துஷான்பேயைத் தலைநகராகக் கொண்ட தஜிகிஸ்தான். 1992-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. மதவாதிகளுக்கும் மதச்சார்பற்றோருக்கும் நடந்த சண்டை என்பார்கள். நான் அதை முழுக்க ஏற்கமாட்டேன். அது வட்டாரச் சண்டையும்கூட: குலாப் வட்டாரத்தார் ஒரு பக்கம், கர்ம் பள்ளத்தாக்கினர் மறுபக்கம். எதிரணியில் இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சியோடு கைகோத்து நின்றவர்களில் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் உண்டே!

பல்லாயிரம் உயிர் போனபின், 1997 ஜூனில் மாஸ்கோவில் அதிபர் ரஹ்மோனும் எதிரணித் தலைவர் நூரியும் கையெழுத்திட்டார்கள். அரசுப் பதவிகளில் 30 சதவீதம் எதிரணிக்கு என்பது ஏற்பாடு. மத்திய ஆசியாவிலேயே சட்டப்படி இயங்கிய ஒரே இஸ்லாமியக் கட்சி நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தது. எத்தனை இடம்? 63-ல் இரண்டு!

அந்த இரண்டையும் அரசால் பொறுக்க முடியவில்லை. 2015 மார்ச் தேர்தலில் அவையும் போயின. செப்டம்பரில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் ஒருவரின் கலகத்தோடு கட்சிக்குத் தொடர்பு என்றார்கள், கட்சி மறுத்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. துணைத் தலைவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை. கட்சி துப்பாக்கி ஏந்தியபோது பேச்சுவார்த்தைக்கு அழைத்தவர்கள், அதைக் கீழே வைத்து ஓட்டுக் கேட்க வந்தபின் சிறையில் தள்ளினார்கள். இதைப் பார்க்கும் இளைஞன் எந்தப் பக்கம் போவான், தோழர்களே?

மதச்சார்பின்மையைக் காக்கத்தானே செய்தார்கள் என்று கேட்கலாம். 2016 மே மாதம் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. மதம் சார்ந்த கட்சி கூடாது என்பது அதில் ஒரு திருத்தம். ரஹ்மோன் எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்பது இன்னொன்று. அதிபராவதற்கான வயதை 35-லிருந்து 30-ஆகக் குறைத்தது மற்றொன்று. அப்போது அவர் மகன் ருஸ்தமுக்கு வயது 28. அடுத்த அதிபர் தேர்தல் 2020-ல் வரவிருந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!