கிசுகிசுப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாமா?

(புனே கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் ஆன்மிகம் பேசுவார்கள், இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி பேசுவார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சினிமா கிசுகிசு. எழுபத்தைந்து வயதில் இப்படி ஒரு பாக்கியம்! ஆத்தில் சொன்னபோது என் பேத்தி, "தாத்தா, உனக்கு எந்த நடிகரையாவது தெரியுமா?" என்று கேட்டாள். ஜெமினி கணேசனோடு நிறுத்திக்கொண்டுவிட்டேன் என்று சொன்னேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் கிளையின் வாசகசாலைக்கு வரும் பத்திரிகைகளைச் சில வருஷங்களாக நான் கவனித்து வருகிறேன். சென்ற மாதம் நாலைந்து அங்கத்தினர்கள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பக்திப் பத்திரிகைகளும் பஞ்சாங்கமும் மட்டும் இருந்தால் இளையவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். நடிகர் நடிகைகளைப் பற்றிய ஆங்கில மாத இதழ் ஒன்றுக்கு வருஷச் சந்தா கட்டவேண்டும் என்பது கோரிக்கை. காரியக் கமிட்டி உடனே முடிவு சொல்லாமல், வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எல்லோருடைய அபிப்பிராயத்தையும் எழுதச் சொன்னது. நல்ல காரியம். நம்மவர்களுக்கு எழுத விஷயமா இல்லை?

நோட்டுப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். மூன்று கட்சிகள் தெரிகின்றன. முதல் கட்சி, "சங்கத்தின் கௌரவம் என்ன ஆவது?" என்று கேட்கிறது. இரண்டாவது கட்சி, "நாள் முழுக்க டெலிவிஷனில் மாமியார் மருமகள் சண்டை பார்க்கிறோம், இதில் என்ன கெட்டுப்போயிற்று?" என்கிறது. இது நியாயமான கேள்வி. மூன்றாவது கட்சி, "எல்லாம் கைப்பேசியிலேயே இலவசமாக வருகிறது, காசு எதற்கு?" என்று கணக்குப் பார்க்கிறது. கௌரவம், பொழுதுபோக்கு, காசு என்று மூன்றையும் சொன்னார்கள். அந்தப் பத்திரிகையில் யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

பெரியவர்களுக்கு லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு ஞாபகம் வந்திருக்கும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943-ல் சென்னையில் சி.என். லக்ஷ்மிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கைதான் சரக்கு. எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்று சொல்வார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். பத்திரிகை லைசென்ஸ் போயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. 'இந்து நேசன்' என்ற பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8-ம் தேதி, வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். 1945 மே மாதம் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். கொலை செய்தது யார் என்பது இன்று வரை நிச்சயமாகத் தெரியாது.

கைதாவதற்கு முந்தைய தீபாவளிக்குத்தான் 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதர் பாடிய பாட்டைக் கேட்க வெளியே ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். பாடியவர் உள்ளே சிறையில் இருக்கிறார். என் தகப்பனார் இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்வார். அவர்கள் தெருவில் அந்த மஞ்சள் பத்திரிகையை வாங்குவதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்களாம். ஆனால் அதில் வந்த சமாசாரம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்குமாம்!

இந்தக் கதையின் ஒரு அத்தியாயம் நம் புனேயில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. விடுதலையான பாகவதர், 'ராஜமுக்தி' என்ற படத்தைச் சென்னையில் எடுக்காமல் இங்கே புனேயில் வந்து எடுத்தார். எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் அதில் நடித்தார்கள். வசனம் எழுத வந்தவர் புதுமைப்பித்தன். இங்கே வேலை செய்தபோதுதான் காசநோய் அவரை முற்றாகப் பிடித்தது. இங்கிருந்து திரும்பிப் போனவர் 1948-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42. அதே வருஷம் வெளியான படம் ஓடவில்லை. பாகவதரின் பழைய காலம் திரும்பவே இல்லை. 1959-ல் அவரும் போய்விட்டார். என்.எஸ்.கே. மறுபடி தலை நிமிர்ந்தார், அவருடைய சுபாவம் அப்படி. சிறை எல்லோரையும் ஒரே மாதிரி விட்டுவைப்பதில்லை.

லா காலேஜ் ரோடில் நடக்கப் போகிறவர்கள், பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த திரைப்படக் கல்லூரி வாசலைத் தாண்டும்போது இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். இந்த ஊருக்கு வந்த ஒரு தமிழ்ப் பாடகர், எந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு வந்தார் என்று.

இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பம்பாயில் பாபுராவ் படேல் 1935-லேயே 'ஃபிலிம்இந்தியா' ஆரம்பித்துக் கூர்மையான பேனாவோடு எழுதினார். 1971-ல் 'ஸ்டார்டஸ்ட்' வந்தது. ஷோபா டே அதன் முதல் ஆசிரியர். நான் வேலையில் சேர்ந்து புனே வந்த புதிதில், பேச்சிலர்கள் தங்கியிருந்த அறையில் அது ஒரு காப்பி வந்தால் பத்துப் பேர் படிப்போம். ஆமாம், நானும் படித்தேன். சன்னியாசி மாதிரி இங்கே நின்று பேசவில்லை.

நான் பௌதிகம் படித்தவன். சோதனைச் சாலையில் எங்கள் புரொபசர், "அளந்தது யார், எதை வைத்து அளந்தார், இன்னொருத்தர் அளந்தால் அதே விடை வருமா?" என்று கேட்பார். கிசுகிசு இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாது. "மூன்றெழுத்து நடிகை", "நம்பத் தகுந்த வட்டாரம்" என்று எழுதினால், அது பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியாது. நிரூபிக்க முடியாத பொய்க்கு ஆயுசு கெட்டி.

இனிமேல் சொல்லப் போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் ஆத்துக்காரியிடம்கூட நேற்று ராத்திரிதான் சொன்னேன்.

முப்பத்தைந்து வருஷம் இருக்கும். எனக்கு மிகவும் வேண்டிய ஒரு மாமா. அவருடைய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வீட்டார் என்னிடம் வந்து, "உங்களுக்குத் தெரிந்த குடும்பமாச்சே, பொண்ணு எப்படி?" என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய வாரம்தான், அந்தப் பெண் ஒரு பையனோடு ஸ்கூட்டரில் போனதைப் பார்த்ததாக ஒருவர் என் காதில் போட்டிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. "நல்ல குடும்பம்தான். எதுக்கும் ஒரு தடவை விசாரிச்சுக்கோங்கோ" என்றேன். அவ்வளவுதான். அந்த வரன் நின்றுபோயிற்று.

அந்தப் பையன் அவளுடைய சித்தி பிள்ளை. பாங்க் பரீட்சைக்கு அவளைக் கொண்டுவிடப் போயிருக்கிறான். எனக்கு இது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் மாமா எங்கள் ஆத்துக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டு, "நீதான் ஒரு நல்ல இடமா சொல்லணும்" என்பார். கடைசி வரை என்னிடம் பிரியமாகவே இருந்தார். அவருக்குத் தெரியாது.

நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: 'விசாரிச்சுக்கோங்கோ'. அதில் பொய்யும் இல்லை, பெயரும் இல்லை. கிசுகிசு எழுதுகிறவரும் இதைத்தானே செய்கிறார்? அவருக்குச் சம்பளம் உண்டு, எனக்கு இல்லை, அதுதான் வித்தியாசம்.

சட்டமும் மெள்ள இதைக் கவனித்திருக்கிறது. 1994-ல் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் சுப்ரீம் கோர்ட், பொது ஆவணத்தில் உள்ளதைப் பத்திரிகை எழுதலாம், ஆனால் ஒருவருடைய குடும்பம், கல்யாணம் போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமில்லாமல் எழுதுவது தனியுரிமையை மீறுவது என்றது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைப் போட்டவர் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. தீர்ப்பு வந்தபோது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. எழுபத்தைந்தில் நாம் சோர்ந்து உட்காரக் கூடாது!

இப்போது என் அபிப்பிராயம். வேண்டுமென்கிறவர்கள் தங்கள் காசில் வாங்கிப் படிக்கட்டும். அவர்களை யாரும் ஏளனம் செய்யவேண்டாம். ஆனால் சந்தா என்பது முன்பணம். அடுத்த வருஷம் யார் குடும்பத்தில் என்ன நடக்கப் போகிறதோ, அதை மோப்பம் பிடித்துக் கொண்டுவா என்று இன்றைக்கே பணம் கொடுத்து ஆள் அனுப்புவது. அதைச் சங்கத்தின் பொதுப் பணத்தில் செய்ய வேண்டாம். இளையவர்கள் வரவேண்டும் என்ற கவலை நியாயமானது. சினிமாவைப் பற்றியே நல்ல புத்தகங்கள் வாங்கலாம். தொகைக்கு நான் பாதி தருகிறேன். குழந்தைகளை லா காலேஜ் ரோடில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாம். அது 1964-லிருந்து இந்த ஊரில் இருக்கிறது, நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இன்னும் ஒரு வேண்டுகோள். நம் வாட்ஸ்அப் குழுவுக்குச் சந்தா கிடையாது. அதனால் அது கிசுகிசுப் பத்திரிகை இல்லை என்று ஆகிவிடாது. வரன் விசாரிக்க யாராவது வந்தால், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

 காபி தயாராகிவிட்டது என்று சைகை வருகிறது.