இடைக்குள் மறையும் பிள்ளைகள்
(நூற்றாண்டு விழாக் கருத்தமர்வில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்பாமல், அயற் பாடசாலைக் கணித ஆசிரியர்களுக்குப் புள்ளிவிபரவியற் பயிற்சி நடத்துவோம் என்று நாம் தீர்மானித்தபோது, "இதற்கு என்ன அவசரம்?" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு வகுப்புகளில் பத்துப் பத்துப் பிள்ளைகள் பெற்ற புள்ளிகள் என்று இவற்றை எடுத்துக்கொள்வோம்.

முதல் வகுப்பு: 12, 15, 18, 20, 25, 75, 80, 82, 85, 88. மற்றையது: 45, 46, 48, 49, 50, 50, 51, 52, 54, 55. இரண்டுக்கும் இடை 50, இடையமும் 50. இவற்றை மட்டும் கேட்கும் தவணை அறிக்கையில் இரு வகுப்பும் ஒன்றுதான். ஆனால் சாதாரண தரச் சித்திக்கு வேண்டிய 35ஐ முதல் வகுப்பில் ஐந்து பேர் எட்டவில்லை. மற்றையதில் அப்படி ஒருவரும் இல்லை.

பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கணிப்பதில் ஒரு குறையும் இல்லை. எடுகொண்ட இடையும் திரள் மீடிறன் வளையியும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வங்கியில் வேலை செய்யும் எம்மவரையே முந்திவிட்டார்கள். "சரி, இந்த விடை என்ன சொல்லுது?" என்று கேட்டதும்தான் மண்டபம் அமைதியானது. அவர்களில் பிழையில்லை. அவர்கள் எழுதிய பரீட்சைகளும் அதை அதிகம் கேட்டதில்லை.

ஆகவே கணிப்பானை ஒதுக்கிவிட்டுத் தண்டு-இலை வரைபை எடுத்தோம். ஜோன் டூக்கி என்ற அமெரிக்கர் 1977இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்ட முறை அது. பென்சிலும் கொப்பியும் போதும். பத்துகள் தண்டு, ஒன்றுகள் இலை. முதல் வகுப்பை வரைந்தால் 3 முதல் 6 வரையான தண்டுகளில் ஓர் இலையும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்த ஓர் ஆசிரியை மெதுவாகச் சொன்னார்: "என்ர வகுப்பும் இப்பிடித்தான், மிஸ். நடுவில ஒருத்தரும் இல்லை. நான் நடுவுக்குத்தான் படிப்பிக்கிறன்."

அதன் பிறகு நாம் தயாரித்து வந்த பாதி விரிவுரையைச் சொல்லவே தேவைப்படவில்லை.

ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இலண்டனிலும் தரவுகளோடு வேலை செய்யும் சகோதரிகளே, புறொஜெக்ரர் அனுப்ப வேண்டாம். முன்பு வந்ததே பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தாருங்கள். ஒருவருக்கு இரண்டு ஆசிரியர்கள், இணையவழியில். பாடநூலில் உள்ள தமிழ்ச் சொற்களையே பயன்படுத்துங்கள்.

அடுத்த அமர்வு ஆவணி விடுமுறையில். பிள்ளைகளின் பெயரை மறைத்து, தங்கள் தவணைப் புள்ளிப் பட்டியலோடு வரும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறோம்.