வலி அறியாப் பாதங்கள்

(திருவக்கரையில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோரிடையே எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

திருவக்கரை என்றதும் வக்கிரகாளியம்மன் திருக்கோயிலும், கல்லாய்ச் சமைந்த மரங்களுமே வெளியூரார் நினைவுக்கு வருகின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நிலவியலார் கூறும் அம்மரங்களைக் காணப் பலரும் இங்கு வருகின்றனர். நான் வந்திருப்பதோ, கல்லைப்போல் உணர்வற்றுப் போகும் மனிதப் பாதத்தைப் பற்றிப் பேசுவதற்கு. பாதத்திலும் கணுக்காலிலும் நேரும் கோளாறுகளைச் சீர்செய்வதே என் தொழில். ஊன்றி நிற்கக் காலில்லாத உழவருக்கு நிலம் இருந்தும் பயன் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு நோயுள்ள விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். மணிலாக் கொல்லையில் களையெடுக்கும்போது அவர் காலில் முள் தைத்தது. அவர் அதனை உணரவில்லை. ஒரு வாரம் அம்முள்ளின் மேலேயே நடந்தார். புண்ணிலிருந்து நாற்றம் எழுந்த பிறகே அவர் மனைவி காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரல்களை நாங்கள் அகற்ற நேர்ந்தது. “வலிக்கவே இல்லையே, ஐயா!” என்று அவர் திரும்பத் திரும்பக் கூறினார். வலிக்காமல் இருந்ததுதான் அவருக்கு நேர்ந்த கேடு.

இவ்வுண்மையை உலகம் உணரச் செய்த பெரியார் ஒருவர், 1914-ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். அவரே டாக்டர் பால் பிராண்டு. இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். தொழுநோய் கண்டவர்களின் விரலும் பாதமும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்றும், அவர்களுடைய சதை ஆறும் தன்மையை இழந்தது என்றும் அக்காலத்தில் மருத்துவர்களே நம்பினர். பிராண்டு அந்நோயாளிகளோடு நெருங்கிப் பழகி, அவர்கள் அன்றாடம் செய்வதைக் கூர்ந்து கவனித்தார். சுடும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தனர். செருப்பிலுள்ள ஆணி குத்துவதை அறியாமல் நடந்தனர். உறங்கும்போது எலி கடித்தாலும் விழித்திலர். நோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது; நரம்பு கெட்டால் வலி மறைகிறது; வலி மறைந்தால் உடலுக்குக் காவல் இல்லை. விரல் இழப்புக்குக் காரணம், காவலின்றி நேரும் காயங்களே என்று அவர் தெளிந்தார்.

நடக்கும்போது நம் பாதத்தில் ஓரிடம் நொந்தால், நம்மையறியாமலே பளுவை வேறிடத்திற்கு மாற்றுகிறோம். சற்றே நொண்டியேனும் அவ்விடத்தைக் காக்கிறோம். உணர்விழந்தவர் அங்ஙனம் செய்வதில்லை. ஒரே இடத்தை ஆயிரம் முறை ஊன்றுகிறார். அவ்விடம் முதலில் சூடேறிச் சிவக்கிறது. பின் உள்ளே கன்றுகிறது. கடைசியில் வெடித்துக் குழிப்புண்ணாகிறது. அப்புண்ணுக்கு எத்தனை களிம்பு தடவினாலும், அதன் மேலேயே நடந்தால் ஆறாது. பாதத்தைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுப் பளுவைப் பரப்பிவிட்டால், பல ஆண்டுப் புண்ணும் சில வாரங்களில் ஆறக் கண்டனர்.

ஆறிய பாதம் மீண்டும் புண்ணாகாதிருக்க, மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்னும் மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் வேலூரில் செய்யப்பட்டன. பாதத்தை மேலே தூக்கும் தசை செயலிழந்து கால் விரல் தரையில் இழுபடுவோருக்கு, பாதத்தை உட்புறம் இழுக்கும் வேறொரு தசைநாணை இடம் மாற்றி, முன்புறத்தில் இணைத்தனர். பயிற்சிக்குப் பின் அவர்கள் பாதத்தைத் தூக்கி நடந்தனர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இப்பணி வளர்ந்தது. 1966-இல் பிராண்டு அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். நம் நாட்டு ஏழை நோயாளர்களிடம் கற்ற பாடம் அங்கே நீரிழிவு நோயாளர்களின் பாதங்களையும் காத்தது. அவர் 2003-இல் மறைந்தார்.

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகக்கூடியது. கூட்டு மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் போதும். தேசிய அளவில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2005-இல் அறிவிக்கப்பட்டபோதிலும், புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். நீரிழிவோ ஊர்தோறும் பரவி நிற்கிறது. ஆகவே, பாதுகாப்பு முறைகள் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவரும், பாதத்தில் மரத்த உணர்வு உள்ளவரும் மாலைதோறும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு முதல் குதிகால் வரை பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப் பிள்ளையிடம் காட்டலாம். வெறுங்காலோடு கொல்லைக்குச் செல்லலாகாது. செருப்பை அணியுமுன் கையால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஆணி அடித்த செருப்பு ஆகாது. வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர். வேறொருவரைக் கையால் பார்க்கச் சொல்லுங்கள். காலாணியைப் பிளேடு கொண்டு சீவாதீர். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுடுவதை மரத்த பாதம் அறியாது. காலையிலோ மாலையிலோ வலம் வருவதே நலம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம நடைபாதைகளில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடவாமல் செய்யுங்கள். கோடையில் கோயில் நடைபாதையில் தென்னை நார் விரிப்பு இடச் சொல்லுங்கள். தோலில் உணர்வற்ற படை கண்டவரைச் சுகாதார நிலையத்திற்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அவரை ஒதுக்கினால் அவர் நோயை மறைப்பார். மறைத்தால் காலை இழப்பார். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் விதியையே நம் நாடாளுமன்றம் 2019-இல் நீக்கிவிட்டது. சட்டம் நீக்கிய ஒதுக்கலை ஊர் வைத்திருத்தல் தகுமோ?

அன்பர்களே! மரம் கல்லானால் மீண்டும் தளிர்க்காது. உணர்விழந்த பாதமும் பெரும்பாலும் பழைய உணர்வைப் பெறுவதில்லை. ஆயினும் அதனைக் கண்ணால் காக்கலாம். வலி செய்யாத காவலை நம் கண் செய்யட்டும். இன்றிரவு உறங்குமுன் உங்கள் வீட்டுப் பெரியவரின் பாதத்தை ஒருமுறை பாருங்கள்.