தமிழ் வகுப்பில் இருக்கும் ஆங்கில இலக்கணம்

ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகளை மிரள வைக்கும் பெயர்கள் இரண்டு: ஜெரண்ட், அப்பாசிட்டிவ். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தமிழ்ப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை புதியவை அல்ல. தொழிற்பெயர் என்றும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்றும் படிப்பவைதாம். ஆங்கில வகுப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆங்கிலத்தில் 'சிங்கிங்' என்ற ஒரே வடிவம் மூன்று வேலை பார்க்கிறது. 'பாடிக்கொண்டிருக்கிறாள்' என்பதிலும் அது வரும். 'பாடுகிற பெண்' என்பதிலும் வரும். 'பாடுதல்' என்பதும் அதுவே. குழப்பம் இங்கேதான். தமிழோ வினைமுற்று, பெயரெச்சம், தொழிற்பெயர் என மூன்றையும் வடிவத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. வினை வேற்றுமை உருபை ஏற்காது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அதையே சோதனையாகக் கொள்ளலாம். பாடுதலை, பாடுவதால் என உருபு ஏற்கும் பொருளில் நிற்கும் 'சிங்கிங்' ஜெரண்ட். பெயராக நின்றாலும் அது வினையின் குணத்தை விடுவதில்லை. 'திருப்பாவையைப் பாடுதல்' என்று செயப்படுபொருளையும் கொள்ளும். ஆங்கிலத்திலும் அப்படியே. 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகை பிடிப்பதை விட்டுவிட்டான். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகை பிடிக்க நின்றான். பொருள் எவ்வளவு மாறிவிடுகிறது! தமிழில் சொல்லிப் பார்த்த பிள்ளை இதைத் தவறவிடாது.

அடுத்தது அப்பாசிட்டிவ். 'சதுரகிரி மலை' என்பதைச் 'சதுரகிரி ஆகிய மலை' என்று விரிக்கலாம். இரு பெயரும் ஒரே பொருளைக் குறிப்பதால் அது இருபெயரொட்டு. 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'வை அப்படி விரிக்க முடியாது. ஊர் வேறு, பண்டம் வேறு. 'பெரியாழ்வாரின் மகளாகிய ஆண்டாள்' என்று நாம் முன்னால் வைக்கும் விளக்கத்தை ஆங்கிலம் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால், இரு காற்புள்ளிகளுக்கு நடுவே வைக்கிறது.

தமிழ் வழியே போனால் ஆங்கிலமும் தமிழ் நடையில் வந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். 'சஜெஸ்ட்' என்ற வினைக்குப் பின் ஜெரண்ட் வரும். நாமோ 'போகலாம் என்று யோசனை சொன்னார்' என்போம், தொழிற்பெயர் அங்கே இல்லை. காற்புள்ளி எங்கே தேவை, எங்கே கூடாது என்பதையும் நன்னூல் சொல்லித் தராது. இவற்றைத் தனியே படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நான் கேட்பது வாக்கியத்தை மொழிபெயர்ப்பதை அன்று. தெரிந்த இலக்கணத்தைக் கொண்டு தெரியாததை அடையாளம் காண்பதை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எப்படியும் மனத்துக்குள் தமிழை ஒப்பிட்டுத்தான் பார்க்கும். அந்த ஒப்பீட்டை வகுப்பில் வெளிப்படையாகச் செய்தால், எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஆசிரியரே காட்டிவிடலாம்.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது இந்த இரண்டு பாடங்களை இருவரும் சேர்ந்து நடத்திப் பாருங்கள்.