அழவிடாத சபதம்



இந்த அறக்கட்டளையை நிறுவிய, தந்தையை இழந்த பிள்ளைகள் அவர் நினைவாக ஆண்டுதோறும் ஊர் கூடி ஒரு சொற்பொழிவு கேட்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இழப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு அது ஒரு விடை. நான் பேச வந்திருப்பது வேறொரு விடையைப் பற்றி. பெற்றோரைப் பறிகொடுத்த புரூஸ் வெய்ன் என்ற சிறுவன் வளர்ந்து, முகமூடி அணிந்து, சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட கதை அது. பேட்மேன் கதை.

பாப் கேனும் பில் ஃபிங்கரும் படைத்த பேட்மேன், 1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் அறிமுகமானான். அவன் ஏன் இப்படி ஆனான் என்பதை நவம்பர் மாத 33ஆம் இதழில்தான் சொன்னார்கள். ஒதுக்கியது இரண்டே பக்கம். திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பம். கழுத்து நகைக்காகத் துப்பாக்கியை நீட்டும் ஒருவன். தந்தை சாய்கிறார், தாயும் சாய்கிறாள். சிறுவன் உறைந்து நிற்கிறான். அடுத்த கட்டத்துக்குள் சில நாள்கள் கடந்துவிடுகின்றன. மெழுகுவத்தி வெளிச்சத்தில், கட்டிலருகே மண்டியிட்டுக் கைகூப்பி, பெற்றோரின் ஆவிமீது ஆணையிட்டு, மீதி வாழ்நாள் முழுவதும் குற்றவாளிகளோடு போரிடுவதாகச் சபதம் செய்கிறான்.

கொலைக்கும் சபதத்துக்கும் நடுவே விடுபட்டது எது என்று பாருங்கள். அடக்கம் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள ஒரு பெரியம்மா இல்லை. நமக்கெல்லாம் தெரிந்த, பேட்மேனின் பணியாளர் ஆல்ஃபிரெட் கதைக்குள் வந்ததே 1943இல்தான். இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டிய நெருக்கடியில் இதெல்லாம் விடுபட்டிருக்கலாம். ஆனாலும் அந்தச் சிறுவனின் நோய் அந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது என்பது என் துணிபு. அழ வேண்டிய நாளில் அவன் சபதம் செய்துவிட்டான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், உளக்காயத்தையும் அதிலிருந்து மீள்வதையும் பற்றி 1992இல் எழுதிய நூலில் பழிவாங்கும் கற்பனையைக் கூர்ந்து பார்க்கிறார். அந்தக் கற்பனை, கொடுமையின் நினைவையே கண்ணாடியில் பார்ப்பது போன்றது. காட்சி அதேதான்; அடித்தவனும் அடிபட்டவனும் மட்டும் இடம் மாறியிருப்பார்கள். செயலற்று நின்ற வேதனை அதனால் தீரும் என்று மனம் நம்புகிறது. தீருவதில்லை. அதே காட்சி திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறது. துக்கப்படுவதுதான் வெளியே வரும் வழி. பாதிக்கப்பட்டவர்கள் பலர் அதைத் தோல்வி என்று எண்ணி மறுக்கிறார்கள் என்கிறார் ஹெர்மன். பேட்மேனின் ஒவ்வோர் இரவையும் இதோடு வைத்துப் பாருங்கள். இருண்ட சந்து, ஆயுதம் ஏந்திய ஒருவன், நடுங்கும் ஓர் உயிர். இந்த முறையாவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடுகிறான். காப்பாற்றியும் விடுகிறான். மறுநாள் இரவு மறுபடியும் ஓட வேண்டியிருக்கிறது.

பழி தீர்ந்தால் அடங்குமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1948இல் பேட்மேன் 47ஆம் இதழில் கொலைகாரனுக்கு ஜோ சில் என்று பெயர் கிடைக்கிறது. பேட்மேன் அவன் முன்னால் முகமூடியைக் கழற்றி, நீ கொன்றவர்களின் மகன் நான் என்கிறான். மிரண்டோடிய சில், பேட்மேன் உருவாகக் காரணமே தான்தான் என்று கூட்டாளிகளிடம் உளறுகிறான். அந்த ஆத்திரத்தில் அவர்களே அவனைச் சுட்டுவிடுகிறார்கள். கணக்கு தீர்ந்தது. அடுத்த இதழில் பேட்மேன் வழக்கம்போல இரவில் கிளம்பிவிட்டான். கெவின் கார்ல்ஸ்மித், டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகிய உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பணம் போட்டு ஆடும் ஆட்டத்தில் ஒருவர் மற்றவர்களை ஏமாற்றுகிறார். அவரைத் தண்டித்தால் மனம் ஆறும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவர்களோ, கிடைக்காதவர்களைவிட அதிகமாக அந்த ஏமாற்றுக்காரரையே நினைத்து நொந்துகொண்டிருந்தார்கள்.

மாத இதழ் தொடர வேண்டுமானால் நாயகனின் புண் ஆறக் கூடாது, வணிகம் அப்படி. இந்த உண்மையை நேருக்கு நேர் பார்த்த படைப்பு, 1993இல் வந்த 'பேட்மேன்: மாஸ்க் ஆஃப் தி ஃபேண்டஸம்' என்ற அனிமேஷன் படம். இளைஞன் புரூஸ் வெய்னுக்குக் காதல் வாய்க்கிறது. மழையில் பெற்றோரின் கல்லறை முன் விழுந்து, சபதத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி மன்றாடுகிறான். முன்போல வலிக்கவில்லை, தான் மகிழ்ச்சியாக இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கவே இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். வலி குறைவதையே துரோகமாக எண்ணுகிறான் பாருங்கள். துணையை இழந்த பின் முதல் முறையாகச் சிரித்துவிட்டுக் குற்ற உணர்வில் துடிப்பவர்களை நம் குடும்பங்களிலும் காணலாம்.

இந்தக் கதைகள் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1974இல் ஸ்பைடர்மேன் இதழொன்றில் எதிராளியாக அறிமுகமான பனிஷர், போர் முடித்து வந்த படைவீரன், குடும்பத்தைப் பறிகொடுத்தவன், கொன்று தீர்ப்பதையே நீதி என்று எண்ணுபவன். அவன் மார்பிலுள்ள மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்கக் காவலர் சிலர் பெருமையாக அணியத் தொடங்கினார்கள். அவனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெரி கான்வே வெளிப்படையாகக் கண்டித்தார். நீதி அமைப்பு தோற்றுப்போனதன் அடையாளம் அவன். சட்டத்தைக் காப்பவர் அதை அணிவது எப்படித் தகும் என்பது அவர் வாதம். முழுக்கச் சரியான வாதம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1976 மார்ச் மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 457ஆம் இதழில், டென்னிஸ் ஓ'நீல் எழுத, டிக் ஜியோர்டானோ வரைய, லெஸ்லி தாம்ப்கின்ஸ் என்ற முதியவர் வருகிறார். கொலை நடந்த இரவில் சிறுவன் புரூஸை அணைத்துத் தேற்றியவர் அவர்தான். 1939இல் காலியாக விட்ட இடத்தை 37 ஆண்டுகள் கழித்து ஒரு கதாசிரியர் நிரப்பினார். பேட்மேன் ஆண்டுதோறும் அதே இரவில் அந்தச் சந்துக்கு வருகிறான். இவரோ அங்கிருந்து போகவே இல்லை. இன்னொரு பிள்ளைக்கு அப்படி நேரக் கூடாது என்று அந்த வட்டாரத்து மக்களுக்கே வாழ்நாளைக் கொடுத்துவிட்டார். பிற்காலக் கதைகளில் அவர் மருத்துவர். ஏழைகளுக்கு இலவச மருத்துவமனை நடத்துகிறார். அடிபட்ட பேட்மேன் சிகிச்சைக்குப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. அதே கொலையைத்தான் அவரும் சுமந்தார். இளைஞர்கள் அவர் வரும் இதழ்களைத் தேடிப் படிக்க வேண்டும்.